உறூபை முன்வைத்து, அந்தமான் தமிழ் நண்பர்களுக்கு ஒரு மடல்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தமிழில் எழுதுகிற, அங்கே வானொலியில் தமிழ் பேசுகிற நண்பர்கள் அனைவருக்கும்,



நீங்கள் ஒரு மலையாள எழுத்தாளரை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இந்த மடலை எழுதுகிறேன். அவர் பெயர் உறூப். வீட்டில் வைத்த பெயர் பி. சி. குட்டிக்கிருஷ்ணன். பொன்னானிக்காரர். 1950 முதல் 1975 வரை, 25 ஆண்டுகள், கோழிக்கோடு வானொலி நிலையத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். 'உம்மாச்சு', 'சுந்தரிகளும் சுந்தரன்மாரும்' என்ற இரண்டு பெரிய நாவல்கள் புத்தகமாக வந்ததும் அந்த வேலைக்காலத்தில்தான்.

கேரளத்து எழுத்தாளருக்கும் தீவில் இருக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் உங்கள் பக்கத்து ஊர்களின் பெயர்ப்பலகைகளில் இருக்கிறது. தெற்கு அந்தமானில் மஞ்சேரி இருக்கிறது. வண்டூர் இருக்கிறது. காலிகட், திரூர், மன்னார்காடு என்ற ஊர்கள் இருக்கின்றன. பாராடாங் தீவில் நிலம்பூர் இருக்கிறது. எல்லாம் மலபாரின் ஊர்ப்பெயர்கள். இவற்றைக் கொண்டுவந்தவர்கள் 1921க்குப் பிறகு கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்ட மலபார் முஸ்லிம்களான மாப்பிள்ளைமார்.

அந்த வரலாறு உங்களில் பலருக்குத் தெரியும். ஆனாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1921 ஆகஸ்டில் திரூரங்காடியில் மூண்ட கலகம் ஏறநாடு, வள்ளுவநாடு, பொன்னானி தாலுகாக்களுக்குப் பரவியது. பிரிட்டிஷ் அரசு இராணுவச் சட்டம் போட்டு அதை அடக்கியது. அந்த ஆண்டு நவம்பரில் கைதிகளை ஒரு சரக்கு ரயில் பெட்டியில் அடைத்து திரூரிலிருந்து அனுப்பினார்கள். வண்டி போத்தனூர் வந்து சேர்ந்து கதவைத் திறந்தபோது உள்ளே பலர் மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்தார்கள். பிறகு இறந்தவர்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 70 பேர். சிறைகள் நிரம்பி வழிந்த அந்தக் காலத்தில்தான் தண்டனை பெற்ற மாப்பிள்ளைமாரை அந்தமானுக்கு அனுப்பினார்கள். நாடுகடத்தும் தண்டனையையே நிறுத்திவிடலாம் என்ற பேச்சு அரசாங்கத்திலேயே எழுந்திருந்த நேரம் அது. ஆனாலும் அவர்கள் மனைவி மக்களையும் வரவழைத்து அங்கேயே குடியமர்த்தும் திட்டம் நடந்தது. அது நாடுகடத்தலைக் குடும்பத்தோடு நீட்டிக்கும் ஏற்பாடு என்று மலபாரில் கண்டனம் எழுந்தது. குடும்பங்கள் வந்தன. காட்டை வெட்டி வயலாக்கினார்கள். விட்டுவந்த ஊரின் பெயரை வந்த இடத்துக்கு வைத்தார்கள்.

கலகம் மூண்டபோது குட்டிக்கிருஷ்ணன் பொன்னானியில் ஆறு வயதுப் பையன். பிறந்தது 1915 ஜூன் 8. கலகத்தின் செய்திகளும் வதந்திகளும் போலீஸ் பயமும் அவன் குழந்தைப் பருவத்தின் மேல் விழுந்தன. பிற்காலத்தில் அந்தக் கலகத்தில் தொடங்கி 1942 ஆகஸ்ட் போராட்டம் வரை மூன்று தலைமுறைகளை வைத்து அவர் எழுதிய நாவல்தான் 'சுந்தரிகளும் சுந்தரன்மாரும்'. உங்கள் மஞ்சேரியின் மூதாதையர்கள் கப்பலேறிய பிறகு, அவர்கள் விட்டுவந்த கரையில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை நாவலாக அறிய வேண்டுமானால் அந்தப் புத்தகத்திடம்தான் போக வேண்டும். அதன் மறுபாதி உங்கள் தீவில் இருக்கிறது. அந்த மறுபாதியை எழுத வேண்டியவர்களில் நீங்களும் உண்டு என்று நான் நம்புகிறேன். இந்த மடலின் காரணமே அதுதான்.

உறூப் எப்படி உறூப் ஆனார் என்று பார்த்தால், முதலில் நல்ல கூட்டு அமைந்தது. பொன்னானியில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்துகொண்டு கவிதை எழுதிய இடசேரி கோவிந்தன் நாயர் அவருக்கு மூத்த தோழர். பிறகு உறவும் ஆனார். இருவரும் மணந்தது அக்கா தங்கையை. விமரிசகர் குட்டிக்கிருஷ்ண மாரார், இளங்கவிஞர் அக்கித்தம் எல்லோரும் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள். மாலையில் கூடிப் படித்து, வாதாடி, ஒருவர் எழுதியதை மற்றவர் கிழித்துத் திருத்தும் கூட்டம்.

அடுத்து, அலைச்சல். 1934இல் வீட்டைவிட்டுக் கிளம்பி ஆறு ஆண்டுகள் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். கிடைத்த வேலையைச் செய்தார். நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதினார். அந்த நாட்களில் தமிழும் கன்னடமும் கற்றுக்கொண்டார். தோட்டத்தில் எத்தனை மொழி புழங்கும் என்பது, இந்தியும் வங்காளமும் தமிழும் தெலுங்கும் ஒரே மீன்கடையில் கேட்கும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிற்காலத்தில் அவர் எழுதிய 'ராச்சியம்மா' என்ற கதையின் நாயகி தோட்டத்தில் பால் விற்கும் ஒரு பெண். கன்னட நாட்டிலிருந்து வந்தவள். திடமான உடம்பு, திடமான மனசு, அரைகுறை மலையாளம். யாரிடமும் எதையும் கேட்காதவள். தான் கொடுத்ததைச் சொல்லிக்காட்டாதவள். மலையாளச் சிறுகதையில் வந்த பெண்களில் அவளைப்போல நிமிர்ந்து நிற்பவர்கள் குறைவு. தன் மொழியைத் தாய்மொழியாகப் பேசாத ஒரு பெண்ணை, அவள் பேச்சின் தடுமாற்றத்தோடு, ஒரு துளி கேலி இல்லாமல் எழுதியிருக்கிறார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ரங்கத்திலும் திக்லிப்பூரிலும் நீங்கள் தினமும் பார்க்கும் பெண்களை எழுத நினைத்தால் முதலில் படிக்க வேண்டிய கதை இது.

திரும்பி வந்தபின் துணி நிறுவனத்தில் வேலை, பதிப்பகத்தில் வேலை, 'மங்களோதயம்' இதழில் வேலை. 1950 மே 14இல் கோழிக்கோடு வானொலி நிலையம் தொடங்கியது. அந்த ஆண்டே அங்கே சேர்ந்தார்.

அந்த நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு அரசு அலுவலகம் ஒரு மொழியின் இலக்கியத்துக்கு இவ்வளவு செய்ததற்கு இந்தியாவில் எடுத்துக்காட்டுகள் அதிகமில்லை. உறூப் அங்கே இருந்தார். நாடகாசிரியர் திக்கோடியன் இருந்தார். பாட்டெழுதும் பி. பாஸ்கரன் தொடக்க நாட்களில் இருந்தார். தலசேரியிலிருந்து கிளம்பி, சென்னை வானொலியில் தம்புரா வாசித்து, டெல்லி போய், அங்கிருந்து வந்து சேர்ந்த கே. ராகவன் இசைப் பிரிவில் இருந்தார். கவிஞர் என். என். கக்காடு வந்தார். 1956இல் அக்கித்தம் வந்தார். இதே அக்கித்தத்துக்குத்தான் 2019ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது, தொண்ணூறு வயது கடந்தபின், கிடைத்தது. நிலையத்துக்கு வெளியே, அதே ஊரில், 'மாத்ருபூமி' வார இதழ். தெருவில் இறங்கினால் எழுத்தாளர் எஸ். கே. பொற்றெக்காட். கொஞ்சம் தள்ளி பேப்பூரில் பிற்பாடு குடிவந்த எழுத்தாளர் பஷீர். நிலையத்தில் நாடகம் எழுதுகிறவர் மாலையில் வார இதழுக்குத் தொடர்கதை கொடுப்பார். பாட்டுக்கு மெட்டுப் போடுகிறவர் பக்கத்து மேசைக்காரரின் கதையைப் படித்திருப்பார்.

பேனாப் பெயர் வந்த கதையும் இந்த நிலையத்தோடு சேர்ந்ததுதான். அரசு வேலையில் இருப்பவர் வெளியே எழுத அனுமதி வாங்க வேண்டும். சக ஊழியர் ராகவனைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அதற்காகத்தான் உறூப் என்ற பெயரைப் போட்டுக்கொண்டார் என்று சொல்வார்கள். தோழனின் இசையைப் பாராட்டி எழுத எடுத்த பெயர் கடைசிவரை நிலைத்துவிட்டது.

1954இல் 'நீலக்குயில்' வந்தது. கதை உறூபுடையது. இயக்கியவர்கள் பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும். பாட்டு பாஸ்கரன், இசை ராகவன். அதுவரை மலையாளப் படங்களில் இந்தி மெட்டையும் தமிழ் மெட்டையும் எடுத்துப் போடுவது வழக்கமாக இருந்தது. ராகவன் நாட்டுப்புற மெட்டையும் மாப்பிள்ளைப் பாட்டு மெட்டையும் கொண்டுவந்தார். வலைவீசுகிறவனின் பாட்டை அவரே பாடினார். கோழிக்கோடு அப்துல் காதர் ஒரு பாட்டு பாடினார். கதை இதுதான்: நீலி என்ற தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் பள்ளி ஆசிரியரான ஸ்ரீதரன் நாயரை நம்புகிறாள். அவன் கைவிடுகிறான். குழந்தையைப் பெற்றுவிட்டு அவள் ரயில் தண்டவாளத்தில் செத்துப்போகிறாள். குழந்தையை எடுத்து வளர்ப்பவர் ஊர்த் தபால்காரர் சங்கரன் நாயர். அந்தத் தபால்காரராக நடித்தவர் பாஸ்கரன்தான். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தை மலையாளத்துக்கு முதன்முதலில் கொண்டுவந்த படம் அது. அதன் கதையும் பாட்டும் மெட்டும் வானொலிக்காரர்களிடமிருந்து வந்தவை. ஒரு சிறு ஊழியர் கூட்டம், தங்கள் பகுதியின் பேச்சையும் பாட்டையும் மதித்து, அதையே மூலதனமாக வைத்துச் செய்த வேலை. பெரிய ஊரைப் பார்த்து அவர்கள் ஏங்கவில்லை.

அதே 1954இல் 'உம்மாச்சு' புத்தகமாக வந்தது. உறூப் எழுதியவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். 'சுந்தரிகளும் சுந்தரன்மாரும்' பெரிய திரை. 1960இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதன் பரப்பு பிரமிக்க வைக்கும். ஆனால் சில இடங்களில் பாத்திரங்களின் கூட்டம் கதையைத் தள்ளிக்கொண்டு போகிறது. 'உம்மாச்சு' அப்படியல்ல, இறுக்கமானது. உம்மாச்சுவும் மாயனும் சிறுவயதிலிருந்து ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். அவளைக் கட்டிக்கொடுப்பது வசதியுள்ள பீரானுக்கு. மாயன் பீரானைக் கொல்கிறான். பிறகு உம்மாச்சு மாயனையே மணக்கிறாள். பீரானின் மகன் அப்துவும், மாயனுக்குப் பிறந்த பிள்ளையும் ஒரே வீட்டில் வளர்கிறார்கள். கேட்டால் நாடகக் கம்பெனிக் கதைபோல இருக்கும். படித்தால் அப்படி இல்லை. கொலை செய்தவனை அரக்கனாக்கவில்லை. அவனை மணந்தவளை நீதிமன்றத்தில் நிறுத்தவும் இல்லை. அந்தக் கொலை ஒரு வீட்டுக்குள் எத்தனை ஆண்டு குடியிருக்கிறது, பிள்ளைகளின் சோற்றுக்குள் எப்படி இறங்குகிறது என்பதைத்தான் பொறுமையாகக் காட்டுகிறார்.

நாயர் குடும்பத்தில் பிறந்தவர் எழுதிய மாப்பிள்ளை வீட்டுக் கதை இது. அதுவும் ஒரு முஸ்லிம் பெண்ணை நடுவில் வைத்து. கலகத்தின் தழும்பு ஆறாத மண்ணில், அந்த வீட்டுப் பேச்சை அந்த வீட்டாரின் சொற்களிலேயே எழுதினார். தமிழில் தோப்பில் முகமது மீரான் தம் கடலோர ஊரை உள்ளிருந்து எழுதினார். உறூப் பக்கத்து வீட்டிலிருந்து எழுதினார். பக்கத்து வீட்டிலிருந்து எழுதுவது அபாயமான வேலை. கொஞ்சம் பிசகினாலும் வேடிக்கை பார்ப்பதாகிவிடும். அவருக்குப் பிசகவில்லை.

ஏன் பிசகவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு விடை உண்டு. வானொலி வேலையும் அதில் ஒரு காரணம். வானொலி நாடகம் எழுதிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மேடையில் ஒருவன் பேசாமல் நின்றாலும் இருப்பான். வானொலியில் இரண்டு பக்கம் பேசாமல் இருந்தால் அவன் செத்துப்போனதற்குச் சமம், நேயர் மறந்துவிடுவார். யார் பேசுகிறார்கள் என்பதைக் குரலே சொல்ல வேண்டும். நான்கு பெண்கள் பேசும் காட்சியில் நால்வரும் ஒரே மாதிரிப் பேசினால் நாடகம் போச்சு. மாமியார் 'இங்க வா' என்பதற்கும் மகள் 'இங்க வா' என்பதற்கும் வித்தியாசம் தாளிலேயே இருக்க வேண்டும். வர்ணனைக்கு இடமில்லை. தகரத்தை ஆட்டினால் இடி, சிரட்டையைத் தட்டினால் குதிரைக் குளம்படி, கண்ணாடிக் காகிதத்தைக் கசக்கினால் நெருப்பு. மற்றதெல்லாம் பேச்சு. தொடக்க நாட்களில் பல நாடகங்கள் நேரடியாகவே போயின. மைக்கின் முன்னால் வாக்கியம் வாயில் நுழையாவிட்டால் நடிகர் திணறுவதை எழுதியவர் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்தாக வேண்டும். இந்தப் பயிற்சியில் வருடக்கணக்கில் இருந்த ஒருவருக்கு அடுத்த வீட்டின் பேச்சு காதில் துல்லியமாக விழாமல் இருக்குமா? 'உம்மாச்சு'வின் உரையாடல்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஆளைச் சொல்லாமலே ஆள் தெரிவார்.

அதே நிலையத்தின் திக்கோடியன் தம் வாழ்க்கைக் கதைக்கு வைத்த தலைப்புக்கு 'அரங்கைக் காணாத நடிகன்' என்று பொருள். அந்தப் புத்தகத்துக்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தங்கள் தொழில் கண்ணுக்குத் தெரியாதது என்பதை அவர்கள் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த தலைமுறையில் பத்மராஜனைச் சொல்லலாம். 1965இல் திருச்சூர் நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்தார். பிறகு திருவனந்தபுரம். 'நட்சத்திரங்களே காவல்' நாவல், 'பெருவழியம்பலம்' நாவலும் படமும், இன்னும் எத்தனையோ திரைக்கதைகள், எல்லாம் நிலையத்தில் பெயர் இருக்கும்போதே. வேலையை விட்டது 1986இல்தான். 1991 ஜனவரியில் 45 வயதில் இறந்துபோனார்.

இந்தப் பட்டியலைச் சொன்னதும் நம் ஆட்களும் நினைவுக்கு வர வேண்டும். 'அக்கரைச் சீமையிலே'க்காக 1962இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற மீ. ப. சோமு வானொலிக்காரர். யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம் இலங்கை வானொலியிலும் பிபிசியிலும் வேலை செய்தவர். பிபிசி தமிழ்ச் சேவைக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர். 'ஒலிபரப்புக் கலை' என்று இந்தத் தொழிலுக்கே ஒரு புத்தகம் எழுதித் தந்தவர். உங்களில் வானொலியில் வேலை செய்பவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து 1954இல் சென்னை வானொலிக்கு வந்தார், கல்வி ஒலிபரப்புக்கு. பிறகு டெல்லி. 'மோகமுள்'ளும் 'அம்மா வந்தாள்'உம் எழுதிய கை பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளையும் எழுதியது. அவருடைய உரையாடலைப் புகழாத தமிழ் வாசகர் இல்லை. அதில் வானொலிக்கும் பங்குண்டு என்று நான் நினைக்கிறேன். உருது எழுத்தாளர் மண்ட்டோ 1941, 42இல் டெல்லி வானொலியில் இருந்த குறைந்த காலத்துக்குள் நூற்றுக்கு மேல் நாடகங்கள் எழுதிக் குவித்தார்.

வானொலி வேலை எழுத்தைத் தின்றுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. நிகழ்ச்சி அட்டவணை, கையொப்பப் பதிவேடு, மேலதிகாரியின் குறிப்பு, நேரத்துக்கு ஓடுவது, இவற்றுக்குப் பின் என்ன எழுதுவது என்று கேட்பார்கள். தின்னும் என்பது உண்மை. உறூபின் நாட்களையும் தின்றிருக்கும். ஆனால் அந்த வேலை கொடுப்பதும் உண்டு. வயலுக்குப் போய் விவசாயியிடம் பேசச் சொல்லும். பாட்டியிடம் தாலாட்டுக் கேட்கச் சொல்லும். மீனவர்களோடு உட்காரச் சொல்லும். சம்பளம் கொடுத்துக் கேட்கச் சொல்கிற வேலை எழுத்தாளனுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

இனி உங்கள் தீவுக்கு வருகிறேன். போர்ட் பிளேர் வானொலி நிலையம் 1963இல் தொடங்கியது. ஊரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறினாலும் அந்த நிலையத்தின் வேலை மாறவில்லை. இந்தியோடு வங்காளம், தமிழ், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி என்று ஒரே கட்டடத்திலிருந்து பல மொழி பேசும் நிலையம் அது. 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. நூற்றுக்குச் சுமார் 15 பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னார்கள், 7 பேர் மலையாளத்தை. கோழிக்கோட்டு நிலையத்தில் எல்லோரும் மலையாளிகள். உங்கள் நிலையத்திலோ தமிழ் நாடகம் எழுதுகிறவரும் மலையாளப் பேச்சு தயாரிக்கிறவரும் நிக்கோபாரிப் பாட்டைப் பதிவு செய்கிறவரும் ஒரே ஸ்டுடியோ வாசலில் காத்திருப்பீர்கள். உறூபுக்குக் கிடைக்காத வசதி இது.

தமிழ்நாட்டில் இருக்கும் எங்களுக்கு அந்தமான் என்றால் செல்லுலார் சிறை, அல்லது தேன்நிலவுக்குப் போகும் கடற்கரை. 1996இல் வந்த 'சிறைச்சாலை' படம் அந்தச் சித்திரத்தை இன்னும் அழுத்தமாக்கியது. சிறையில் இருந்தவர்களின் தியாகம் பெரிது. ஆனால் இலட்சக்கணக்கான மனிதர்கள் பிறந்து, படித்து, கல்யாணம் செய்து, கடன்பட்டு, செத்துப்போகிற ஊராகத் தீவை எழுதிக் காட்டும் தமிழ் நாவல் ஒன்று எங்கள் கைக்கு வந்து சேரவில்லை. கப்பலில் மூன்று நாள் பயணப்பட்டு வந்து இறங்கிய தமிழனின் கதை என்ன? பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களின் கதை என்ன? 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தேயிலை மலையிலிருந்து பெயர்க்கப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் இறக்கப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து வந்தபோது மிகக் கொடுமையாக அடிபட்ட இடங்களில் கச்சால் ஒன்று. மலையகத்தில் பிறந்து, தமிழ்நாட்டைக் கண்ணால் பார்த்ததோடு சரி, நிக்கோபாரில் கடலுக்கு உறவுகளைக் கொடுத்தவர்கள் இன்றும் இருப்பார்கள். அவர்களின் தமிழில் மலையகமும் தீவும் சேர்ந்து ஒலிக்கும். அந்தக் குரலைப் பதிவு செய்தீர்களா?

அந்தச் சுனாமியின்போது வானொலி என்றால் என்ன என்பதை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். தொலைபேசி செத்துப்போன நேரத்தில், அப்போது தற்செயலாகப் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் குழுவினரின் ஹாம் வானொலி வழியாகத்தான் எத்தனையோ குடும்பங்களுக்குத் தகவல் போனது. குரல் ஒன்று வந்தால் போதும் என்று கரையில் நின்ற மக்கள் உங்கள் மக்கள்.

நண்பர்களே, நான் கேட்பது சில காரியங்கள்தான். முதலாவது, மஞ்சேரிக்கும் ஸ்டூவர்ட்கஞ்சுக்கும் போங்கள். மாப்பிள்ளைக் குடும்பங்களின் இரண்டாம் தலைமுறை முதியவர்கள் யாராவது இருந்தால் உட்காரவைத்துப் பேசவிடுங்கள். 'அது மலையாளத்தாரின் வேலை' என்று விட்டுவிடாதீர்கள். பொன்னானி நாயர் மாப்பிள்ளை வீட்டுக் கதையை எழுதியபோது அது யார் வேலை என்று கேட்கவில்லை. உங்கள் நிலையத்தின் மலையாள நண்பரைக் கூட்டிப் போங்கள். அவர் கச்சால் போகும்போது நீங்கள் துணைக்குப் போங்கள். கேள்வி கேட்பதைவிடக் காத்திருப்பது முக்கியம். முதியவர்கள் முதல் அரைமணி நேரம் ஊருக்குச் சொல்ல வேண்டியதைத்தான் சொல்வார்கள். தங்களுடையது அதற்குப் பிறகுதான் வரும்.

பதிவு செய்ததை நிலையத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஸ்பூல் டேப் காலத்தில் ஒலிபரப்பான நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே டேப்பில் அடுத்ததைப் பதிவது வானொலியில் சாதாரணம். எத்தனையோ நாடகங்களும் பேச்சுகளும் அப்படிப் போயின. இப்போது ஒரு கைப்பேசிக்குள் நூறு மணி நேரப் பேச்சு அடங்கும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தீவிலும் ஒன்றை நிலப்பரப்பில் ஒரு நூலகத்திலும் வையுங்கள். யார், எந்த ஊர், எந்த நாள் என்று குறிப்பு எழுதுங்கள். குறிப்பு இல்லாத குரல் நாற்பது வருடம் கழித்து யாருக்கும் உதவாது.

பிறகு எழுதுங்கள். முதலில் வானொலி நாடகமாக எழுதுங்கள், அரைமணி நேரம் போதும். தீவில் மக்கள் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே எழுதுங்கள். தமிழுக்கு நடுவே இந்தி வரட்டும், மலையாளம் வரட்டும். சென்னையில் இருக்கும் பத்திரிகை ஆசிரியருக்குப் புரியாதே என்று திருத்தாதீர்கள். புரிந்துகொள்வது எங்கள் பொறுப்பு. வாரம் ஒரு மாலை கூடி ஒருவர் எழுதியதை மற்றவர் வாய்விட்டுப் படியுங்கள். பொன்னானியில் ஒரு குமாஸ்தாவும் ஒரு வேலையற்ற இளைஞனும் செய்தது அதுதான். அவர்களிடம் வேறு எந்த வசதியும் இருக்கவில்லை. அப்படிச் சில நாடகங்கள் எழுதி முடித்த ஒருவர் நாவலுக்குப் போகட்டும்.

உறூப் 1975இல் ஓய்வு பெற்றார். 'குங்குமம்', 'மலையாள மனோரமா' வார இதழ்களில் ஆசிரியராக இருந்தார். 1979 ஜூலை 10இல் கோட்டயத்தில் காலமானபோது கேரள சாகித்திய அகாதெமியின் தலைவராக இருந்தார். அவர் நாவல்களைக் கேரளம் இன்றும் அச்சிட்டு விற்கிறது. உங்கள் பக்கத்து ஊர் மலையாளக் குடும்பங்களில் யாரிடமாவது 'உம்மாச்சு' இருக்கும். மலையாளம் படிக்கத் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பாதிக்கு மேல் உங்களுக்கே புரியும். முதல் நாடகம் முடிந்ததும் எங்களுக்கு அனுப்புங்கள். நிலப்பரப்பில் அதைக் கேட்க ஆட்கள் இருக்கிறோம்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு வானொலி நேயர்